பெருவிரலுக்கு ஓர் ஏலம்

தங்கச்சியின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். வீடு மட்டக்களப்பு, கல்லடியில். போன கிழமை ஒரு பின்னேரம் வீட்டில் கல்யாணக் கதை நடந்தது. ஒன்றுவிட்ட அக்காவுக்குக் கூறைச் சேலை எங்கே எடுப்பது என்பதுதான் பேச்சு. இரவு பத்து மணிக்கு அவளுடைய போனில் மணப்பெண் அலங்கார விளம்பரம் வந்தது. அடுத்து மருதமுனைக் கைத்தறிச் சேலை. "மாமா, இந்த போன் நாம கதைக்கிறதக் கேக்குது" என்று கொண்டுவந்து நீட்டினாள்.

அவள் மட்டுமில்லை, ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். 2018இல் அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கு மேற்பட்ட அன்ட்ரொயிட் செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒலிவாங்கியைக் களவாகத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அகப்படவில்லை. (சில செயலிகள் திரையைப் படம்பிடித்து அனுப்பியது பிடிபட்டது. அது தனி வயிற்றெரிச்சல்.) சரி, காது கொடுக்காமலே போனுக்கு எப்படித் தெரிந்தது?

கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீன் ஏலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். கூடக் கேட்டவருக்கு மீன். ரீல்ஸ் தள்ளும்போதும் ஓர் ஏலம் நடக்கிறது. அடுத்த விளம்பரம் யாருடையது என்பதைக் கண் இமைக்குமுன் ஒரு கணினி முடிவுசெய்துவிடுகிறது. ஆனால் இந்த ஏலத்தில் கூடக் கேட்டவர் தோற்கவும் கூடும்.

பேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா கம்பனியின் கணக்கை எளிதாக்கிச் சொல்கிறேன். கொழும்பிலுள்ள பெரிய கம்பனி ஒன்று, விளம்பரத்தை ஒருவர் தட்டினால் 100 ரூபா தருவதாகக் கேட்கிறது. மருதமுனைச் சேலைக் கடை 40 ரூபாதான் கேட்கிறது. ஆனால் இந்தப் பிள்ளை கம்பனி விளம்பரத்தைத் தட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, சேலையைத் தட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்று கணினி மதிப்பிடுகிறது. பெருக்கிப் பாருங்கள்: கம்பனிக்கு 1 ரூபா, சேலைக்கு 2 ரூபா. சேலை வென்றது. இதோடு விளம்பரத்தின் தரத்துக்கும் ஒரு புள்ளி சேரும். எரிச்சலூட்டி, "மறை" என்று ஆட்கள் அழுத்தும் விளம்பரம் பின்னுக்குப் போகும்.

வென்றவர் தான் கேட்ட முழுத்தொகையையும் கொடுக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு பெறுமதியோ அதை வைத்துத்தான் விலை. இந்த யோசனையின் வேர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரை. 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் மனிதர் இறந்துவிட்டார்.

இனி, அந்த "நூற்றுக்கு ஐந்து" எங்கிருந்து வந்தது? பழைய சேலைக் கடை முதலாளி வாடிக்கையாளரின் வாயைப் பார்க்கமாட்டார், கண்ணைப் பார்ப்பார். எந்தக் கரையில் பார்வை தங்கியது, எதைத் தொட்டுவிட்டு விட்டாள் என்று. போனுக்குக் கண் வேலையைச் செய்வது பெருவிரல். ஒரு வீடியோவில் எத்தனை வினாடி நின்றது, திரும்பப் பார்த்ததா, யாருக்கு அனுப்பியது, எல்லாம் எண்ணாகப் பதிவாகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறை, அதாவது அது எவ்வளவு முக்கியம் என்ற அளவு, உண்டு. கணிப்பு பிழைத்தால் நிறைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து மறுபடி கணிக்கிறது. கோடிக்கணக்கானோரிடம் இதையே திரும்பத் திரும்பச் செய்தால், ஒரு தனிப்பிள்ளையின் அடுத்த அசைவை ஓரளவு சொல்லிவிடலாம். ஒட்டுக்கேட்பதைவிட இது மலிவான வேலை.

கடைகளும் தம் பங்குக்குத் தீனி போடுகின்றன. "அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு, பின்பக்கம் போன் நம்பரை எழுதுங்கள்" என்று துண்டு தருவார்களே, அந்த நம்பர்களைக் குழப்பிய குறியீடாக மாற்றி விளம்பரத் தளத்தில் ஏற்றலாம். தளம் தன்னிடமுள்ள நம்பர்களையும் அதேபோலக் குழப்பி, இரண்டையும் பொருத்தி ஆட்களைக் கண்டுபிடிக்கும். அப்புறம் அவர்களைப் போலவே நடந்துகொள்ளும் வேறு ஆட்களையும் தேடிக்கொடுக்கும்.

நம் ஊர்ச் சிறுகடைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாவுக்கு மூன்று நாள் "பூஸ்ட்" (காசு கட்டித் தம் பதிவைப் பரப்புவது) போட்டுவிட்டு, ஒன்றும் விற்கவில்லை என்று கைவிடுகிறார்கள். கணினி ஒரு விளம்பரத்துக்குரிய ஆட்களைப் படித்துத் தெளிய, ஒரு கிழமைக்குள் ஏறத்தாழ 50 விளைவுகள் (தட்டுவது, விசாரிப்பது, வாங்குவது போன்று கடைக்காரர் கேட்டது) வேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. மூன்று நாளில் அது பாதிப் பாடம்கூடப் படித்திருக்காது. இன்னொன்று வரைபடம். கல்லடியை நடுவாக வைத்து வட்டம் போட்டால் கிழக்கே பாதி வங்காள விரிகுடாவில் விழும். மேற்கே, மீன் பாடும் என்று பேர்பெற்ற மட்டக்களப்பு வாவி. மீன்கள் பாடுமே தவிரச் சேலை வாங்காது. ஊர்ப்பெயர்களைத் தனித்தனியே கொடுப்பது உத்தமம்.

இளசுகளிடம் வேறொரு சிக்கல். விளம்பரம் விளம்பரமாகத் தெரிந்தாலே அவர்களின் விரல் பறந்துவிடும். அதனால்தான் கடைக்காரர் தன் பதாகையை விட்டுவிட்டு, ஒரு பெண்பிள்ளையிடம் சேலையைக் கொடுத்துக் கமராவைப் பார்த்துப் பேசச் சொல்கிறார். டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1956இலேயே இதைக் கவனித்து எழுதினார்கள். தொலைக்காட்சியில் நம்மைப் பார்த்துப் பேசும் ஒருவரை நம் மனம் தெரிந்தவராக எடுத்துக்கொள்கிறது. அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவர் பக்கத்து வீட்டு அக்கா. அக்கா கட்டிய சேலையை யாராவது தள்ளிவிட்டுப் போவார்களா?

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் விருப்பங்களைக் குறிவைத்து விளம்பரதாரர்கள் தேடுவதை மெட்டா 2021இல் நிறுத்தியது. வயது, பால், இடம் மட்டும் மிஞ்சின. 2023இல் பாலையும் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் வயது என்பது கணக்குத் திறக்கும்போது பிள்ளை தானே எழுதிய ஆண்டு.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது மருமகள் சிரித்தாள். விளம்பரத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, "ஏன் இது எனக்கு வருகிறது" என்பதைத் திறக்கச் சொன்னேன். மட்டக்களப்பில் இருக்கும், 22 முதல் 30 வயதுப் பெண்களுக்காம். இவளுக்குப் பத்தொன்பது.

"ஏழாம் ஆண்டில இருக்கக்குள்ள பதினெட்டு எண்டு போட்டுத்தான் திறந்த, மாமா" என்றாள். விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப எனக்கு இப்ப இருபத்தஞ்சு."

பின்னேரம் கல்யாணக் கதை நடக்கும்போது, பக்கத்திலிருந்து கூறைச் சேலை வீடியோ நாலைந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. குசினிக்குள்ளிருந்து தங்கச்சி கேட்டாள்: "யாருக்கடி இருபத்தஞ்சு?"