உங்கள் என்எஃப்எஸ் பகிர்வு இன்னும் திறந்தே கிடக்கிறதா?

யுனிக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்குச் சாவி, இணையதளத்துக்குச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் அதே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலும் ஒப்பந்தங்களும், சர்வரிலுள்ள கோப்புகளை நெட்வொர்க்கில் பல கணினிகளோடு பகிரும் என்எஃப்எஸ் வழியாக அப்படியே வெட்டவெளியில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் யாராவது நெட்வொர்க்கில் போவதைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினால் கோப்பில் உள்ளதை வரிவரியாகப் படித்துவிடலாம்.

என்எஃப்எஸ், 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு. நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கணினியும் நம்மவர் கையில் என்ற நம்பிக்கையில் உருவானது. கிளையன்ட், அதாவது பகிர்வைப் பயன்படுத்தும் கணினி, "நான் 1001ஆம் எண் பயனர்" என்று சொன்னால் சர்வர் அதை ஏற்றுக்கொள்ளும், சரிபார்க்காது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரை மட்டும் தடுத்துவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. தன் மடிக்கணினியில் ரூட் அனுமதி உள்ளவர் எந்தப் பயனர் எண்ணுக்கும் மாறிக்கொள்ளலாமே!

இடையில் மேம்பாடுகள் வராமல் இல்லை. மூன்றாம் பதிப்பில் கோப்பின் அளவுக்கு இருந்த 2 ஜிபி வரம்பு போனது. நான்காம் பதிப்பில் 2049 என்ற ஒரே போர்ட் போதும் என்றானது, கோப்புப் பூட்டும் நெறிமுறைக்குள்ளேயே வந்தது. 4.2இல் கோப்பைக் கிளையன்ட் வரை இழுக்காமல் சர்வரே நகலெடுக்கிறது. எல்லாம் நல்லவைதான். பாதுகாப்புக்கு, பயனர் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையும் இருந்தது, ஆனால் அதற்கென்று தனி சர்வர் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்பதால் சிறிய அலுவலகங்கள் அதைத் தொடுவதே இல்லை.

அதனால்தான் 2021இல் யுனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 13.0, என்எஃப்எஸ்ஸுக்கு டிஎல்எஸ் (இணையதளங்களில் பயன்படும் அதே மறையாக்க முறை) ஆதரவு கொடுத்ததைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதற்கான நெறிமுறை 2022இல் ஆர்எஃப்சி 9289 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. லினக்ஸிலும் பிறகு வந்துவிட்டது. அதே 2049 போர்ட்டிலேயே பேச்சு தொடங்கி டிஎல்எஸ்ஸுக்கு மாறுகிறது, எனவே ஃபயர்வாலில் புதிதாக எதையும் திறக்க வேண்டாம்.

ஆனால் டிஎல்எஸ்ஸைக் கவனிக்கும் டீமனை (பின்னணியில் ஓடும் நிரலை) ஓடவிட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். சர்வர் கட்டாயப்படுத்தாவிட்டால், டிஎல்எஸ் கேட்காத கிளையன்ட் பழையபடி மறையாக்கம் இல்லாமலே இணைந்துகொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியில், பகிர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்தப் பகிர்வுக்கு 'டிஎல்எஸ்' என்று போட்டால்தான் கட்டாயம். 'டிஎல்எஸ்செர்ட்' என்றால் கிளையன்ட்டும் செல்லுபடியாகும் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

நான் மிகவும் மதிப்பது மூன்றாவதான 'டிஎல்எஸ்செர்ட்யூசர்' விருப்பத்தை. முதல் இரண்டும் வழியையும் கணினியையும் காக்கின்றன, பயனர் எண்ணை மாற்றிச் சொல்வதைத் தடுப்பதில்லை. இதிலோ சான்றிதழிலேயே பயனர் பெயர் இருக்கும். கிளையன்ட் என்ன எண் சொன்னாலும் சர்வர் அந்தப் பெயருக்குரிய அனுமதியை மட்டுமே தரும். நிலையான ஐபி முகவரி இல்லாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும் மடிக்கணினிகளுக்கு இதுதான் சரி.

அப்புறம், மடிக்கணினி தொலைந்தால்? சர்வர் பக்க டீமனை முதலிலேயே ரத்துப் பட்டியலோடு (இனி செல்லாத சான்றிதழ்களின் பட்டியல்) தொடங்கி வையுங்கள். தொலைந்த கணினியின் சான்றிதழை அதில் சேர்த்து டீமனுக்கு ஹேங்கப் சிக்னல் அனுப்பினால், பட்டியலை மறுபடி படித்து, அந்தச் சான்றிதழோடு ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பையும் துண்டித்துவிடும். இதை ஒருமுறை சோதனைக் கணினியில் செய்து பார்த்துவிட்டு, பிறகு உண்மையான பகிர்வுகளுக்குப் போங்கள்.