வரைகலை அட்டை: காண்பதற்கு அன்று, வரைவதற்கு

சென்ற மாதம் என் மனைவியின் அண்ணன், தம் வீட்டுக்குப் புதிய கணினி வாங்க முனைந்தபோது, தமிழில் எழுதப்பட்ட வாங்குவோர் வழிகாட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் "காணொளி அட்டை" என்ற தலைப்பின்கீழ் அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். அவர் வீட்டில் கணினிக்கு என்ன வேலை என்பது எனக்குத் தெரியும்: மகளின் பாடம், அவருடைய கணக்கு வழக்கு, இரவில் ஒரு திரைப்படம். "நாங்க படம் பார்க்கத்தானே வாங்குறோம் மாப்பிள்ளை, காணொளி அட்டை இல்லாம எப்படி?" என்றார். அவர் கேட்டதில் பிழை ஏதுமில்லை. அந்தச் சொல்லைப் படிக்கும் எவரும் அப்படித்தான் கேட்பார்கள். கணினியின் மொத்த விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, தமக்குத் தேவையே இல்லாத ஒரு பொருளுக்குக் கொடுக்க அவரைத் தூண்டியது ஒரு மொழிபெயர்ப்பு. இந்தச் சொல்லை நான் காண்பது இது முதன்முறை அன்று என்பதால், இம்முறை எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

திரைக்கான படங்களைக் கணக்கிட்டு வரையும் இந்தக் கணினிப் பாகத்துக்குக் கடைத்தெருவில் பெயர் "கிராபிக்ஸ் கார்டு". சென்னை ரிச்சி தெருவில் போய் வேறெந்தச் சொல்லைச் சொன்னாலும் ஒரு நொடி விழிப்பார்கள். "கிராபிக்ஸ்" என்பதன் வேர், கீறுதல், வரைதல், எழுதுதல் ஆகிய மூன்றையும் குறித்த ஒரு கிரேக்க வினை. "கார்டு" என்பது தாளைக் குறித்த கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக வந்தது. நம் மொழியிலும் ஓவியத்தை "எழுதினார்கள்", கண்ணுக்கு மை "எழுதினார்கள்" என்பதை நினைத்தால், எழுதுவதும் வரைவதும் ஒரே வேரில் கிடப்பது நமக்குப் புதிதன்று. ஆகவே வரைகலை அட்டை என்பது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. பள்ளிப் பாடநூல்களில் "வரைகலைப் பயனர் இடைமுகம்" என்ற தொடர் வழங்குவதால், "வரைகலை" மாணவர்களுக்கும் அறிமுகமான சொல்லே.

அப்படியிருக்க, "காணொளி அட்டை" எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு "வீடியோ கார்டு" என்ற இன்னொரு பெயரும் உண்டு. அந்த "வீடியோ" என்ற இலத்தீன் சொல்லுக்கு "நான் காண்கிறேன்" என்று பொருள். பொறியியலில் அது முதலில் திரைக்குச் செல்லும் படக்குறிகையை (சிக்னலை) குறித்தது. பிறகுதான் ஓடும் படத்துக்கும், அதைப் பதிந்த நாடாவுக்கும், இன்று கைப்பேசியில் வந்து விழும் துணுக்குக்கும் பெயராயிற்று. தமிழில் நாம் "காணொளி" என்ற சொல்லை ஆக்கியது இந்தப் பிற்காலப் பொருளுக்கு மட்டுமே. (அது "காணொளி"யா "காணொலி"யா என்ற சண்டை தனி, அதற்குள் நான் நுழையப் போவதில்லை.) யாரும் தமிழில் "திரைக்குச் செல்லும் காணொளி" என்று மின்குறிகையைச் சொல்வதில்லை. மொழிபெயர்த்தவர் அகரமுதலியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டினாரே ஒழிய, பொருளின் தொழிலைப் பார்க்கவில்லை.

தொழிலைப் பார்த்திருந்தால் ஐயமே எழுந்திராது. ஒரு திரைப்படக் கோப்பில் படம் ஏற்கெனவே இருக்கிறது. யாரோ எடுத்து, யாரோ சுருக்கிக் கட்டி வைத்த மூட்டை அது. கணினி செய்ய வேண்டியதெல்லாம் அந்த மூட்டையை அவிழ்த்து, வரிசை மாறாமல் திரையில் விரிப்பதுதான். அதற்கென்றே ஒரு சிறு மின்சுற்று, இன்டெல் நிறுவனம் 2011இல் கொண்டுவந்த செயலிகள் (கணினியின் மூளையான சில்லுகள்) தொட்டு, பெரும்பாலான உள்ளமைந்த வரைகலைகளிலேயே, அதாவது செயலிக்குள்ளேயே அமைந்த படம் வரையும் பகுதிகளிலேயே, இருந்து வருகிறது. விளையாட்டிலோ கட்டட வடிவமைப்பிலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே படம் என்று ஒன்று முன்கூட்டியே கிடையாது, எண்கள்தாம் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான முக்கோணங்களின் முனைகள், ஒளி விழும் திசை, பரப்பின் நிறம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் இன்ன நிறம் என்று தீர்மானித்து, படத்தை அந்தக் கணத்தில் வரைய வேண்டும். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை அதை வரைந்தால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் தனி அட்டை இந்த வேலைக்குத்தான். "காண்" என்ற வினை பார்ப்பவருடையது. "வரை" என்ற வினையே அட்டையினுடையது.

இந்த வேறுபாடு பொருளின் பிறப்பிலேயே இருக்கிறது. 1981இல் ஐ.பி.எம். தன் தனிக்கணினியை வெளியிட்டபோது அதற்கு இரண்டு அட்டைகளை விற்றது. ஒன்றின் பெயரில் "காட்சி" என்ற பொருளுடைய சொல் இருந்தது. அது ஒற்றை நிறத்தில், வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகளைக் காட்டும், புள்ளிகளால் படம் வரையாது. மற்றதன் பெயரில்தான் "கிராபிக்ஸ்" இருந்தது; அது 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறங்களைக் கொண்டு படம் வரைந்தது. பெயரிட்டவர்கள் காட்டுவதையும் வரைவதையும் பிரித்தே பெயரிட்டார்கள். 1996இல் வந்த வூடூ அட்டை இதைவிடத் தெளிவான சான்று. அது முப்பரிமாணப் படங்களை மட்டும் வரையும். அன்றாடத் திரைக்காட்சிக்கு இன்னோர் அட்டை வேண்டும். இரண்டையும் ஒரு வடத்தால் இணைக்க வேண்டும். வரைவது ஒருவர், காட்டுவது வேறொருவர் என்று ஒரே பெட்டிக்குள் இருவர் குடியிருந்த காலம் அது.

"காட்சி அட்டை" என்ற சொல்லை முன்வைப்பவர்களுக்கும் இதுவே விடை. அது காணொளி அட்டையைப் போல் வழிதவறச் செய்யாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று தரவு மையங்களில் ஓடும் அட்டைகள் பலவற்றில் திரையை இணைக்கும் துளையே இல்லை. (அங்கே "வரைகலை"யும் முழுதாகப் பொருந்தாதுதான், எனினும் வரைவதற்காகப் பழகிய கணக்கையே வேறு வேலைக்குத் திருப்பியதால் பிறவிப் பெயர் நிலைத்துவிட்டது.) "வரைபட அட்டை" என்று எழுதுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரைபடம் என்றால் ஊரும் ஆறும் குறித்த படம். அதற்கு நில அளவைத் துறையை அணுகலாம்.

காணொளி அட்டைக்குச் சார்பாக ஒரு வாதம் வைக்கப்படுவதுண்டு: படத்தொகுப்பு செய்பவர்கள் இந்த அட்டையைத்தானே வாங்குகிறார்கள் என்பது. வாங்குகிறார்கள், அதுவும் பயன்களில் ஒன்று. கத்தி காய் நறுக்குகிறது என்பதற்காக அதைக் காய்க்கருவி என்று அழைப்பதில்லை. மேலும், கேமராவிலிருந்து வரும் படத்தைக் கணினிக்குள் பதிவுசெய்யும் அட்டை ஒன்று தனியாகவே விற்கிறது. காணொளி என்ற பெயருக்கு உரிமை கோரத் தக்கது அதுதான். அதன் பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு எந்தப் பெயரைக் கொடுப்பார்கள்?

"அட்டை" என்பது குருதி உறிஞ்சும் பூச்சியல்லவா என்று கேட்கும் தூயவர்களும் இருக்கிறார்கள். குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும் யாருக்கும் அந்த மயக்கம் வருவதில்லை. கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகையான தாய்ப்பலகையில் செருகப்படும் சிறு துணைப்பகுதிக்குப் பலகையைவிட அட்டையே ஏற்ற சொல்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அட்டையையும் செயலியையும் ஒன்றாகக் குழப்பாமல் இருப்பது. சில்லு நிறுவனமான என்விடியா 1999இல் தன் ஜீஃபோர்ஸ் 256ஐ "உலகின் முதல் ஜி.பி.யூ." என்று விளம்பரம் செய்த பிறகு, கணக்கிடும் சில்லுக்கும் அது அமர்ந்திருக்கும் அட்டைக்கும் ஒரே பெயரை வழங்குவது பெருகிவிட்டது. சில்லு வரைகலைச் செயலி (ஜி.பி.யூ.). அதனோடு நினைவகம், குளிர்விக்கும் விசிறி, மின்னிணைப்பு எல்லாம் சேர்ந்தது வரைகலை அட்டை. இந்த வேறுபாடு தெரியாதவர் பணத்தை இழப்பார். ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை அட்டைகள் விற்றன. விரைவான நினைவகம் கொண்டது நொடிக்கு 48 ஜி.பி. தரவை நகர்த்தும், மெதுவான நினைவகம் கொண்டது 17 ஜி.பி.யைக்கூட எட்டாது. ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. அட்டையும் 8 ஜி.பி. நினைவகம், 16 ஜி.பி. நினைவகம் என இரண்டாக வந்தது. செயலியின் பெயரை மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு இவை கண்ணில் படமாட்டா.

அந்த வழிகாட்டியின் எஞ்சிய பகுதியும் இதே கைவரிசைதான். தனியாக வாங்கிப் பொருத்தும் அட்டைக்கு "அர்ப்பணிக்கப்பட்ட காணொளி அட்டை" என்று எழுதியிருந்தார்கள். எந்தத் தெய்வத்துக்கு என்று தெரியவில்லை. "தனி வரைகலை அட்டை" என்றால் குழந்தைக்கும் புரியும். அட்டையை இயக்கும் மென்பொருளை "ஓட்டுநர்" என்று குறிப்பிட்டு, அவரை அவ்வப்போது புதுப்பிக்குமாறு அறிவுறுத்தியிருந்தார்கள். "இயக்கி" என்ற நல்ல சொல் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு சொல்லை ஆக்கியவர்கள், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள்: இன்டெல் செயலியின் பெயரில் இறுதியில் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த வரைகலை இயங்காது. அப்போது தனி அட்டை இல்லாமல் திரையில் ஒன்றுமே தெரியாது. விலை சற்றுக் குறைவு என்பதால் பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு திகைக்கிறார்கள்.

மைத்துனரின் பட்டியலிலும் அந்த "எஃப்" செயலிதான் இருந்தது. அதை "எஃப்" இல்லாததாக மாற்றச் சொல்லி, தனி வரைகலை அட்டையை நீக்கினோம். மிஞ்சிய தொகையில் ஒரு பகுதி நல்ல திரைக்குப் போயிற்று. மகள் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தால் அப்போது அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், மின்வழங்கியை மட்டும் சற்றுப் பெரிதாக எடுத்திருக்கிறோம். தாய்ப்பலகைச் செருகியிலிருந்து அட்டைக்குக் கிடைப்பது 75 வாட் மட்டுமே, நடுத்தர அட்டைகள்கூட அதற்கு மேல் கேட்கும்.

எழுதுவோருக்கு ஒரு சிறு குறிப்பு: "வரைகலை அட்டை" என்று இரு சொல்லாகவே எழுதலாம். ஆனால் "வரைகலைச் செயலி" என்னும்போது நடுவிலுள்ள "ச்" விடுபடக் கூடாது.