பேராலயத்தைப் பழுதுபார்க்க நிதி: உண்டியலுக்கு முன்னால் ஆய்வறிக்கை

மழை வந்தால் பீடத்துக்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. அடுத்த ஞாயிறே அறிவிப்பு வந்துவிடும்: ‘ஆலயப் புதுப்பிப்பு நிதி, இலக்கு ஒரு கோடி.’ அந்த ஒரு கோடி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், ஒரு காண்டிராக்டர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சதுரடிக் கணக்கில் சொன்ன தொகையாக இருக்கும். இருநூறு வருஷக் கட்டடத்துக்கு நிதி திரட்டுவதில் முதல் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் திரட்ட வேண்டியது சின்னத் தொகை, ஆய்வுக்கு மட்டும். பழங்கட்டடப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் அளவெடுத்து வரைபடம் போட வேண்டும். உத்திரங்கள் சுவருக்குள் போகும் முனைகளைத் தட்டியும் குத்தியும் பார்க்க வேண்டும். தேக்கு நடுவில் கல்லாக இருக்கும், ஓதம் ஏறிய முனை பஞ்சாகியிருக்கும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டித் தேதி எழுதிவிடுவது பழைய உத்தி, இன்றும் பலிக்கிறது. கண்ணாடி முறிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். இதற்கு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் காத்திருக்க வேண்டும். விழாவுக்குள் முடிக்கத் துடிக்கும் கமிட்டிகளுக்குப் பிடிக்காத அறிவுரை இது.

ஆய்வு இல்லாத மதிப்பீட்டில் தவறாமல் இருக்கும் ஒரு வரி: ‘பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சு.’ புதுச்சேரி சம்பா கோயில் 1791ஆம் ஆண்டுக் கட்டடம். சென்னை புனித ஜார்ஜ் பேராலயம் 1816இல் அர்ச்சிக்கப்பட்டது. போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். அந்தக் காலத்துச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடித்துவிடும். சில மழைக்காலங்களில் பூச்சு தகடு தகடாக உரிந்து விழுகிறது, கூடவே பழைய செங்கல்லின் முகமும் போகிறது. கொடுத்தவர்கள் ‘போன தடவைதானே செய்தோம்’ என்று கேட்பது நியாயம்தான்.

சுண்ணாம்பு வேலைக்குக் கணக்கு வேறு. நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊற வேண்டும். கடுக்காய், வெல்லம் ஊறிய நீரில் கலவை அரைக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. இதற்குக் கை பழகிய கொத்தனார்கள் குறைவு, கூலி அதிகம். மதிப்பீட்டில் விடுபடும் மற்றவை: கோபுரத்துக்குச் சாரம், கூரை திறந்திருக்கும் நாட்களுக்குத் தற்காலிக மறைப்பு, சுவரில் ஊன்றிய அரசமர வேரை எடுப்பது, ஜிஎஸ்டி, எதிர்பாராச் செலவுக்குக் குறைந்தது பத்து சதவீதம். கூரையைத் திறந்த பின்தான் எத்தனை உத்திரம் போயிருக்கிறது என்பது தெரியும்.

வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். கூரை, வடிகுழாய், மழைநீர் விலகும் வாட்டம் முதலில். பூச்சும் வண்ணக் கண்ணாடியும் பிறகு. பெயின்ட் கடைசி. நன்கொடையாளர்கள் கேட்பதோ தலைகீழ் வரிசை. கதவு, பீடம், சரவிளக்கு என்றால் உடனே ஆள் கிடைக்கும், வடிகுழாய்க்குக் கிடைக்காது. அதனால் கண்ணுக்குத் தெரியாத வேலையை எண்ணக்கூடிய பங்காக்குங்கள்: ஓர் உத்திரம் இவ்வளவு, ஒரு ஜன்னல் வளைவு இவ்வளவு. பஞ்சாகிப்போன முனையின் படத்தை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். பெயர்க் கல்வெட்டைச் சுவரில் துளைத்துப் பதிப்பதைவிட ஒரு பதிவேடு போதும். கட்டடத்தைக் காக்கத்தானே பணம்?

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துக்கே இதுதான் கதை. கல் உதிர்கிறது, உதவுங்கள் என்று தீ விபத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள், வந்தது சொற்பம். 2019 ஏப்ரல் 15இல் கூரை எரிந்த பிறகு சுமார் 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் கொடுத்தது ஏறத்தாழ 84.6 கோடி யூரோ. அங்கும் பெருந்தொகைகள் அறிவித்த அன்றே கைக்கு வந்துவிடவில்லை. ஒப்பந்தம் எழுதி, வேலை நகர நகரத் தவணையாக வந்தன. நம்மிடமும் வாக்குறுதிப் பட்டியல் வேறு, வங்கி இருப்பு வேறு. கையில் உள்ள பணத்துக்கு முடிகிற கட்டத்தை மட்டுமே தொடங்க வேண்டும். பாதி திறந்த கூரை, மூடிய பழைய கூரையைவிட ஆபத்து.

வரிச்சலுகை பற்றிய வாக்குறுதியில்தான் கமிட்டிகள் அதிகம் சறுக்குகின்றன. ஒரே மதத்தவரின் நன்மைக்கென்று இயங்கும் அறக்கட்டளைக்கு நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய அங்கீகாரம், அதாவது நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு தரும் அங்கீகாரம், கிடைக்காது. வரலாற்று அல்லது கலை முக்கியத்துவம் உள்ள வழிபாட்டுத் தலம் என மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருந்தால், அதன் பழுதுபார்ப்புக்குத் தரும் தொகையில் பாதிக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டுக் கழிவு உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கு மட்டுமே அது பயன்படும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. அரசிதழ் அறிவிப்பு இல்லாமல் ரசீதில் ‘80ஜி’ என்று அச்சடிப்பது கொடுத்தவரையே நோட்டீஸில் மாட்டிவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) இருந்தாலும், அனுப்பினால் ஆகும். அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ‘மறைமாவட்டக் கணக்கில் வாங்கிப் பங்கு ஆலயத்துக்குக் கொடுத்துவிடலாம்’ என்ற பழைய பழக்கம், இரண்டும் தனித்தனி அமைப்பாக இருந்தால், இன்று சட்டமீறல்.

திரட்டியதில் ஒரு பகுதியை வைப்பு நிதியாக ஒதுக்கி, வட்டியைப் பராமரிப்புக்கு எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் கூரை ஏறி இலை தழையை வாரி, வடிகுழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க இரண்டு ஆள் கூலி போதும். அந்தச் செலவு ஆண்டறிக்கையில் தனி வரியாக இருக்கட்டும்.