பனிவாரி, பனித்தள்ளி: ஒரு ஷவலுக்கு எத்தனை பெயர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வேர் கடை. அப்பா காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் வெட்டும் கத்தி வாங்க வருவார்கள். இப்போது செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள்தான் ஓடுகிறது. சங்குல், ஷவல், கடப்பாரை எல்லாம் என்றைக்கும் உண்டு. எங்களிடம் இல்லாத ஒரே சரக்கு, பனியை அள்ளும் சாமான். இங்கே அதை யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டான், என் தங்கை மகன். வேலைக்காகக் கனடாவின் மொன்ட்ரியல் போனவனுக்கு அது முதல் குளிர்காலம். "மாமா, வீட்டு வாசல்ல ஸ்நோ கொட்டிக் கிடக்கு. எந்த ஷவல் வாங்கினா நல்லது? அப்புறம், அதுக்குத் தமிழ்ல என்ன பேரு? பாப்பா கேக்குறா" என்றான். முதல் கேள்விக்கு அங்கே உள்ளவர்களைக் கேள் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். 'பனி மண்வெட்டி' என்று வந்தது. பனியில் மண் ஏது, அதை வெட்டுவது எங்கே? மண்வெட்டி, பேச்சில் மம்பட்டி, நம் ஊர் மலாய்க்காரர்கள் சங்குல் என்பது. ஓங்கிக் கொத்தி, மண்ணைத் தன் பக்கம் இழுக்கும் கருவி அது. இலை, அதாவது தகட்டுப் பகுதி, அதன் காம்புக்குக் குறுக்கே நிற்கும். ஷவலின் இலையோ காம்போடு ஒரே நேராக நீண்டிருக்கும். கீழே செருகி, அள்ளி, அப்பால் எறிவதற்கானது. கடையில் சங்குல் கேட்டவரிடம் ஷவலை நீட்டினால் திட்டு நிச்சயம். அகராதிக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஷவல் என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறினால் ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'தள்ளு' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது அது. இன்றும் ஆங்கிலத்தில் ஒருவரைப் பிடித்துத் தள்ளுவதைச் சொல்லும் 'ஷவ்' அதற்கு உறவு. ஜெர்மானியரின் 'ஷௌஃபெல்' பங்காளி. அதாவது பிறப்பால் அது 'தள்ளி'. புழக்கத்தில்தான் அள்ளுகிற, வாருகிற சாமானாகப் போய்விட்டது. மலாயில் அதற்கு இரண்டு பெயர். ஒன்று 'செகோப்', டச்சுக்காரர்களின் 'ஸ்கோப்' என்ற சொல்லின் வழி வந்தது. இன்னொன்று 'பெஞோடோக்', அள்ளுவதைக் குறிக்கும் 'சோடோக்' என்ற வினையிலிருந்து. குப்பை அள்ளும் முறத்துக்கும் மலாயில் அதே பெயர்தான், 'பெஞோடோக் சம்பா'.

எனக்கு வழி காட்டியவையும் மலாய்ச் சொற்களே. தோட்டத்தில் மண் தள்ளும் புல்டோசருக்கு 'ஜெந்தோலாக்' என்று பெயர். 'ஜெந்தெரா' என்றால் எந்திரம், 'தோலாக்' என்றால் தள்ளு. கால்வாய் தோண்டும் எக்ஸ்கவேட்டருக்கு 'ஜெங்காவுட்'. 'காவுட்' என்றால் இரு கையாலும் வாரி எடுப்பது. எந்திரம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் எக்ஸ்கவேட்டரை 'மண்வாரி இயந்திரம்' என்றே எழுதுகின்றன. நம் மொழிக்கு இது புதிதும் இல்லை. துருவுவது துருவி, வடிகட்டுவது வடிகட்டி, வெட்டுவது வெட்டி. வினையைக் கண்டுபிடித்துவிட்டால் பெயர் தானாக வந்து நிற்கும்.

சரி, பனியை என்ன செய்கிறார்கள்? அதைக் கேட்டால்தான் எந்தக் கருவி என்பதும் தெரியும். அவனோடு பேசப் பேச, அவனுடைய இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் பட்டது.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன், பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. புதிதாக விழுந்த பனி பத்து சென்டிமீட்டர் என்றால், உருகினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து கிலோ. கார் நிற்கிற வாசல் 30 சதுர மீட்டர் இருந்தால் 300 கிலோ. நம் கணக்கில் 50 கிலோ உர மூட்டை ஆறு. ஈரப் பனி என்றால் இதுவே இரண்டு மூன்று மடங்காகும். மொன்ட்ரியலில் ஓர் ஆண்டில் மொத்தமாக 2 மீட்டருக்கு மேல் பனி கொட்டுகிறது. உர மூட்டையைத் தூக்கிப் பழகியவனே ஒரே மூச்சில் ஆறைத் தூக்கமாட்டான். இவன் கணினி முன்னால் உட்காருகிறவன். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அந்த நேரத்தில் பாரம் தூக்கினால் இதயத்துக்குத் திண்டாட்டம். அதனால் தூக்காமல் முடிகிற வேலையைத் தூக்கிச் செய்யாதே என்றேன்.

தூக்காமல் செய்வது என்றால் தள்ளுவது. அதற்கென்றே அகலமான, வளைந்த இலை கொண்ட ஒன்று விற்கிறார்கள், 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலம். அப்படியே ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே போகலாம். களத்தில் நெல்லைக் குவிக்கும் பலகையைத் தோட்டத்து இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே வேலைதான். இதற்குப் 'பனித்தள்ளி' என்று பெயர் வைத்தேன். பிறப்பில் ஷவலுக்கு உரிய பொருளும் அதுதானே.

ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி இடம் தீர்ந்துபோனால் வாரி எறியத்தான் வேண்டும். இதற்கு இலை 45 சென்டிமீட்டர் போதும். பெரியதாக வாங்கினால் நிறைய அள்ளலாமே என்று தோன்றும், அங்கேதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்றால் பிடி மார்பு உயரத்துக்கு இருக்கவேண்டும். காம்பு நடுவில் வளைந்திருந்தால் அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை. இதுதான் 'பனிவாரி'. மண்வாரி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் காதுக்கு அந்நியமாகப் படாது. திருநெல்வேலிப் பக்கத்தில் துடைப்பத்தையே வாரியல் என்பார்கள், எங்கள் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

எறியும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவர்கள் பனியைப் பார்த்திருக்கமாட்டார்கள், ஆனால் எதிர்க்காற்றில் எறிந்தால் எல்லாம் முகத்துக்கே வரும். வாரியதைச் சாலையில் கொட்டுவதும் பல நகரங்களில் சட்டப்படி குற்றம்.

இலை எதனால் ஆனது என்பதற்கு எங்கள் கடை அனுபவமே போதும். பிளாஸ்டிக் இலேசு, பனி அதிகம் ஒட்டாது, கடுங்குளிரில் விரிசல் விடும். அலுமினியம் நடுத்தரம், ஓரம் நசுங்கும். இரும்பு கனம், ஆனால் கெட்டியானதை உடைக்கும். பதித்த கல்லைக் கீறியும் விடும். பிளாஸ்டிக் இலையின் விளிம்பில் உலோகப் பட்டை அடித்தது கிடைத்தால் அதை எடு என்றேன். எதுவானாலும் இலையில் கொஞ்சம் மெழுகு தடவிக்கொண்டால் பனி வழுக்கிக்கொண்டு விழும்.

கடைசியில் தரையோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஏடு ஒன்று உண்டு. அதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறாராம். அவர் இந்த வேலை முழுவதையும் 'ஸ்நோ வழிக்கிறது' என்பாராம். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சட்டியில் ஒட்டிய மாவை வழிக்கிறோம், தாடியை வழிக்கிறார்கள். ஒரு பரப்பில் படிந்ததை அதன் மேலாகவே இழுத்து எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் இருக்கிறதா தெரியவில்லை. நான் கடையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அங்கே வாசலில் நின்ற மனிதர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

பனி என்ற சொல்லையும் பாப்பா விடவில்லை. இங்கே விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும்போது மூடியிருக்குமே, அதுவும் பனி. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. கண் கலங்கினாலும் கண் பனித்தது என்கிறோம். முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று இரண்டு பருவம் வைத்தவர்கள் நினைத்தது ஈரக் குளிரை, கொட்டிக் குவியும் வெள்ளையை அல்ல. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழியைச் சொன்னேன். "இங்க நிஜமாவே மச்சை அமுக்குது மாமா" என்று சிரித்தான். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'வெண்பனி' என்றால் போதும். மலாய்க்காரர்களுக்கும் சொந்தச் சொல் இல்லை, அவர்களுடைய 'சல்ஜி' அரபுமொழியிலிருந்து வாங்கியது.

கார் நிற்கும் இடத்துக்கு நாம் இங்கே போர்ச் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல பழைய சொல் வேண்டுமென்றால் முன்றில். இல்முன் என்பது இடம் மாறி முன்றில் ஆனது, இல்வாய் வாயிலாகி வாசல் ஆனது போல. இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். எனக்கு வாசலே போதும். மார்கழியில் வாசல் கூட்டினோம், அவன் மார்கழியில் வாசல் வழிக்கிறான்.

பெயர்ப் பட்டியலை அனுப்பிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நகராட்சி வண்டி சாலைப் பனியை ஒதுக்கிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசல் முனையிலும் நீளமாக ஒரு மேடு போட்டுவிட்டுப் போகுமாம். இறுகிப் போன, கனத்த பனி. தள்ளினால் நகராது, வாரினால் இலை நுழையாது. இவன் பெயர் கேட்காமலே அதை 'வரப்பு' என்று சொன்னான், தாத்தா வாயிலிருந்து கேட்ட சொல்லாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. கையில் தோட்ட வேலைக்கான பழைய இரும்பு ஷவல், காலடியில் துண்டு துண்டாகப் பனி. "வரப்பை வெட்டிட்டேன் மாமா. இதுக்கு மட்டும் பனிவெட்டின்னு வச்சுக்கலாமா?"

வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.