முடக்குக்கு அப்பால் தெரியாதபோது

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? பனி இறங்கிவிட்டால் அடுத்த முடக்கு கூடத் தெரியாது. அப்போது நல்ல சாரதி ஒருவர், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகத்தைத் தாண்டவே மாட்டார். இயந்திரங்களைத் தானாக ஓடவைக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஒரு பெரிய கேள்வி உண்டு: கொஞ்ச தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடும் கணினி, எப்போதும் இலக்குக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று எப்படி நம்புவது? அதற்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

மாடல் பிரெடிக்டிவ் கண்ட்ரோல் என்று ஒரு முறை உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் 1970களில் வளர்ந்தது, இப்போது ட்ரோன் வரைக்கும் வந்துவிட்டது. கணினி அடுத்த சில வினாடிகளுக்கு ஒரு திட்டம் போடும், இலக்கிலிருந்து விலகுவதற்கும் சக்தி செலவாவதற்கும் ஒரு விலை வைத்து, மொத்த விலை மிகக் குறைவாக வரும் திட்டத்தைத் தேடி எடுக்கும், ஆனால் அதன் முதல் படியை மட்டும் செய்துவிட்டு, புதிதாக அளந்து, மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடும். ட்ரோன் போன்றவற்றில் வினாடிக்குப் பல தடவை.

ஒவ்வொரு தடவையும் சிறந்த திட்டம்தானே, அப்போ எல்லாம் சரியாகத்தானே போகும்? இல்லை. இருபது மீற்றரை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால், அந்த இருபது மீற்றருக்குச் சிறந்தது வேகமாக விடுவதுதான். முடக்கு கண்ணில் படும்போது எந்தத் திட்டமும் மிச்சமிருக்காது.

அதனால் திட்டத்தின் கடைசிக்கு ஒரு நிபந்தனை போடுகிறார்கள். திட்டம் முடியும் இடம் ஒரு பாதுகாப்பான பகுதிக்குள் இருக்க வேண்டும், அதற்குள் வந்துவிட்டால் ஒரு எளிய கட்டுப்பாடே வண்டியை வெளியே போகவிடாமல் இலக்குக்குக் கொண்டுசேர்க்கும். அங்கிருந்து இலக்கு வரைக்கும் ஆகும் விலையையும் குறைத்து மதிப்பிடாமல் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது பாருங்கள்: பழைய திட்டத்தின் முதல் படியைக் கழித்து, கடைசியில் அந்த எளிய கட்டுப்பாட்டின் ஒரு படியைச் சேர்த்தால், அடுத்த தடவைக்கு ஒரு திட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது, அதன் விலையும் முந்தியதைவிட, கழித்த முதல் படியின் விலையளவாவது குறைவு. விலை இப்படி இறங்கிக்கொண்டே போனால் அமைப்பு இலக்கில் போய் நின்றே ஆகவேண்டும். ரஷ்யக் கணிதவியலாளர் லியாபுனோவ் 1892இல் தந்த யோசனை இது. கீர்த்தி, கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் இதை இந்த முறைக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. மேலே சொன்ன நிரூபணத்தில், புதிய திட்டம் சிறந்ததாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் கேட்கவே இல்லை, பழையதன் வாலைவிட, அதாவது முதல் படியைக் கழித்து எளிய கட்டுப்பாட்டின் ஒரு படியைச் சேர்த்த அந்தத் திட்டத்தைவிட, மோசமாக இல்லாவிட்டால் போதும். ஸ்கோகார்ட், மேயின், ராவ்லிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். கணினிக்கு நேரம் போதாமல் தேடல் பாதியில் நின்றாலும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஆனால் கணினியிடம் இருக்கும் மாடல், அதாவது வண்டி எப்படி ஓடும் என்று சொல்லும் கணக்கு, நிஜ உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும். மழையில் நனைந்த பாதையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், காய்ந்த பாதைக்குப் போட்ட வால் அங்கே செல்லாது. அதற்காகவே தாண்டக்கூடாத எல்லைகளை வேண்டுமென்றே உள்ளே தள்ளி வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், மழை நாளில் சாரதி முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுவது போல.