நொதித் தடுப்பு வீதம்

உடலில் வேதிவினைகளை விரைவாக்கும் நொதி ஒன்றில் எவ்வளவை ஒரு மருந்து முடக்கியிருக்கிறது என்ற கணக்கை, ஊட்டியில் பார்மசி படிக்கும் பிள்ளைகள் ‘என்சைம் ஆக்குபன்சி’ என்றுதான் சொல்கிறார்கள். ‘என்சைம்’ என்ற பெயரை 1870களில் சூட்டியவர் ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே. ‘புளித்த மாவினுள்’ என்பது அதன் கிரேக்க மூலப் பொருள். தமிழ் ‘நொதி’யும் நொதித்தலிலிருந்து வந்ததே. மலைக்குளிரில் இட்லி மாவு பொங்கத் தாமதமாவது, மாவிலுள்ள நுண்ணுயிர்களின் நொதிகள் மந்தமாவதால்தான்.

‘ஆக்குபன்சி’ என்பதற்கு லத்தீனில் பிடித்துக்கொள்ளுதல் என்று பொருள். ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினால் புறம்போக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். செலிஜிலின் போன்ற மருந்து நொதியைப் பிடிப்பதோடு நிற்காமல் செயலிழக்கவும் செய்வதால், ‘தடுப்பு வீதம்’ என்பதே பொருத்தம். மூளையில் ஒரு நொதியின் எத்தனை விழுக்காடு முடங்கியிருக்கிறது என்பதை இது சொல்லும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்பது வேறு கணக்கு.

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் செலிஜிலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் மாவோ-பி என்ற நொதியில் ஒட்டினால் பிறகு விடாது. அதே மூலக்கூறில் கதிர்வீசும் கார்பன்-11 சேர்த்தால், போகுமிடத்தைப் படத்தில் காட்டிக்கொடுக்கும்; அதுதான் தடங்காட்டி. மருந்தாக வேலை செய்யாத நுண்ணளவைச் சிரையில் ஏற்றி, அதன் கதிர்வீச்சைப் படமாக்கும் பெட் ஸ்கேனை ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுப்பார்கள். கூடவே மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்த மாதிரிகள். மூளைக்கு எவ்வளவு தடங்காட்டி வந்து சேர்ந்தது என்பது தெரியாமல், படத்தின் பிரகாசத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. மருந்துக்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒன்று. முடங்காத நொதியில் மட்டுமே தடங்காட்டி ஒட்டும்; ஒட்டும் வீதம் 0.30இலிருந்து 0.06க்கு இறங்கியதென்றால் தடுப்பு 80%.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் போல நொதி மிகுந்த பகுதிகளில் தடங்காட்டி வந்த வேகத்திலேயே ஒட்டிவிடும்; அப்போது படம் காட்டுவது நொதியை அல்ல, ரத்த ஓட்டத்தை. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜோவானா ஃபவுலர் குழுவினர், மூலக்கூறின் குறிப்பிட்ட இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தார்கள். அந்தப் பிணைப்பு மெதுவாகவே உடையும் என்பதால் ஒட்டுவதும் மெதுவாகி, நொதியின் அளவு படத்தில் தெளிந்தது. அழகான தீர்வு.

கார்பன்-11இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், 20 நிமிடம்தான். கோவையில் தயாரித்து மலைப்பாதையில் 3 மணி நேரம் கொண்டுவந்தால், ஊட்டி சேரும்போது ஆயிரத்தில் இரண்டு பங்கே மிஞ்சும். அரைவாழ்வு 110 நிமிடம் உள்ள ஃப்ளூரின்-18 என்றால் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். எனவே கார்பன்-11 ஸ்கேனுக்கு, அதைத் தயாரிக்கும் கருவியான சைக்ளோட்ரான் இருக்கும் இடத்துக்கு நோயாளிதான் இறங்கிப் போக வேண்டும்.

போகுமுன் புகைப்பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். புகைப்பவர் மூளையில் மாவோ-பி சுமார் 40% குறைந்திருப்பதை ஃபவுலர் குழு 1996இல் காட்டியது; முதல் ஸ்கேனே தாழ்ந்து நிற்கும். செலிஜிலினை நிறுத்தினாலும் நொதி புதிதாக உருவாக வேண்டும். பாதி மீள ஏறக்குறைய 40 நாள் ஆகும். அதே ஆளிடம் அடுத்த மருந்தைச் சோதிக்கச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.