டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே

காபியை முதன்முதலாக நானே ஆற்றிய அன்று அதில் பாதி என் முழங்கையில் வழிந்தது. எட்டு வயதிருக்கும். பாட்டி ஆற்றும்போது பழுப்புக் கயிறு மாதிரி நேராக இறங்கும் காபி, என் கைக்கு வந்ததும் டம்ளரை விட்டுப் பிரிய மாட்டேன் என்றது. விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் வளைந்து, டம்ளரின் முதுகோடு ஒட்டிக்கொண்டே இறங்கி, மணிக்கட்டைச் சுட்டது. பயத்தில் இன்னும் மெதுவாகச் சாய்த்தேன். இன்னும் அதிகமாக வழிந்தது. "பயப்படாம ஒரே வீச்சா ஊத்துடா" என்றாள் பாட்டி. இயற்பியல்படி அது நூற்றுக்கு நூறு சரியான யோசனை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது.

இந்த வழிசலுக்கு அறிவியலில் ஒரு பெயரே உண்டு: தேநீர்க்கெண்டி விளைவு. மார்க்கஸ் ரெய்னர் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி 1956-இல் இதைப் பற்றி எழுதினார். அடுத்த வருடமே ஜோசப் கெல்லர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் காரணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். காபி பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்று நமக்குத் தோன்றும். கெல்லர் காற்றைக் கை காட்டினார். விளிம்பைச் சுற்றி வளையும் இடத்தில் திரவம் வேகமாக ஓடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றோ முழு அழுத்தத்தோடு நிற்கிறது. அது காபியை டம்ளர் விளிம்போடு சேர்த்துத் தள்ளிவிடுகிறது. பாத்திரத்தின் பரப்பு எவ்வளவு நனைகிறது என்பதற்கும் இதில் பங்கு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். கெண்டி சொட்டாமல் இருக்க மூக்கு எப்படி அமைய வேண்டும் என்று கணக்கிட்டதற்காக, 1999-இல் கெல்லருக்கு இன்னொருவரோடு சேர்த்து இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

தீர்வு இரண்டு. ஒன்று, வேகம். ஒரே வீச்சாகச் சாய்த்தால் காபி தன் போக்கிலேயே பாய்ந்துவிடும். திரும்பி வந்து ஒட்ட அதற்கு நேரமில்லை. இரண்டாவது, விளிம்பு. நம் காபி டம்ளரின் வாய் வெளிப்பக்கமாக விரிந்து மெல்லிய ஓரத்தோடு முடிகிறது, பார்த்திருப்பீர்கள். அந்த ஓரத்தைத் தாண்டிய காபி மறுபடி டம்ளரின் உடம்பைத் தொட வேண்டும் என்றால் கிட்டத்தட்ட வந்த வழியே திரும்ப வேண்டும். அவ்வளவு கூரான திருப்பம் எடுக்க அதனால் முடிவதில்லை. விளிம்பு தடித்த பீங்கான் கோப்பையில் ஆற்றிப் பாருங்கள், வித்தியாசம் தரையைத் துடைக்கும்போது புரியும்.

சரி, எதற்காக ஆற்றுகிறோம்? சூடு தணிய. ஆனால் சூடு எங்கே போகிறது என்பதில்தான் சுவாரசியம்.

ஒரு சின்னக் கணக்கு. டம்ளரில் 150 மில்லி காபி, 85 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். டபரா 100 கிராம் எவர்சில்வர், அறைச் சூட்டில் 30 டிகிரியில் இருக்கிறது. முதல் ஊற்றிலேயே டபரா தன் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். காபி ஏறக்குறைய 4 டிகிரி இறங்கும். அதோடு டபராவின் வேலை முடிந்தது, அதுவும் காபி அளவுக்குச் சூடாகிவிட்டது. இரண்டாவது ஊற்றிலிருந்து பெரும்பாலான வேலையைச் செய்வது ஆவி. ஒரு கிராம் நீர் ஆவியாக 2,300 ஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். அதை மிச்சமிருக்கும் காபியிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் போனால் மொத்தக் காபியும் 4 டிகிரி கிட்டக் குறைகிறது. ஒரு கிராம் என்பது கால் தேக்கரண்டிகூட இல்லை. ஐந்தாறு கிராமைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டால் 85 டிகிரி 60 பக்கம் வந்துவிடும்.

டம்ளரில் சும்மா வைத்திருந்தால் ஆவி கிளம்ப மேலே ஒரு சின்ன வட்டம்தான் இருக்கிறது. ஆற்றும்போது காபி நீண்ட கயிறாகிறது, டபராவில் பரந்து விழுகிறது, சுவரெல்லாம் படலமாகப் பூசிக்கொள்கிறது. பரப்பு பல மடங்கு கூடுகிறது. மேலே கவிந்து நிற்கும் ஈரக் காற்றும் ஒவ்வொரு ஊற்றிலும் கலைந்து புதுக் காற்று வருகிறது. ஊதிக் குடிப்பதும் இதே வேலைதான், மூச்சுதான் வீண்.

இங்கே சென்னைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் உடம்பு வியர்வையே காய மாட்டேன் என்கிறதே, காபி மட்டும் எப்படி ஆறுகிறது? விடை ஆவியழுத்தத்தில், அதாவது ஆவியாகக் கிளம்பும் நீர் வெளியே தள்ளும் அழுத்தத்தில் இருக்கிறது. புழுக்கமான 30 டிகிரிக் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவியின் அழுத்தம் 3 கிலோபாஸ்கலுக்கு மேல். வியர்வை 35 டிகிரித் தோலில் நின்றுகொண்டு தள்ளும் அழுத்தம் 5.6. வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் கசகசவென்று நிற்கிறது. 80 டிகிரிக் காபி தள்ளுவதோ 47. அதன் முன்னால் சென்னைப் புழுக்கம் ஒரு பொருட்டே இல்லை.

அதே கணக்கின் இன்னொரு முனை எனக்கு இன்னும் பிடிக்கும். 60 டிகிரிக்கு வரும்போது காபியின் ஆவியழுத்தம் 20-க்கு இறங்கிவிடுகிறது, பாதிக்கும் கீழே. அதாவது, கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது சடசடவென்று சூடு இறங்கும். குடிக்கும் பதத்துக்கு வந்ததும் வேகம் தானாகவே மட்டுப்படும். கடைசி வாய் வரைக்கும் நிதானமாகக் குடிக்க நேரம் கிடைக்கிறது.

அந்தப் பதம் எது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோய் வர அநேகமாகக் காரணமாகலாம். காபியே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை, சூட்டைத்தான் சொன்னார்கள். நம் நாக்கில் சூட்டை உணரும் புரதம் 43 டிகிரி வாக்கிலேயே கத்த ஆரம்பிக்கும். மிளகாயின் காரத்தை உணர்வதும் அதே புரதம்தான். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் பஜ்ஜி கடித்த வாயில் சூடான காபி ஏன் இரண்டு மடங்கு சுடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அப்புறம், நுரை. ஆற்றாத காபியை எங்கள் வீட்டில் யாரும் காபியாகவே மதிப்பதில்லை. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் காபி டபராவைத் தொடும்போது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் முட்டும்போது பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீரை இப்படி ஆற்றினாலும் குமிழி வரும். வந்த வேகத்தில் உடையும். பாலில் இருக்கும் கேசின் முதலான புரதங்கள் ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் தோல் போலப் படிந்துகொள்கின்றன. அதனால் நிற்கிறது. நின்ற நுரை மூடி மாதிரி வேலை செய்து ஆவி போகும் வழியையும் அடைக்கிறது. இன்னும் உயரத் தூக்கினால் நுரை கூடுமா? ஓரளவுக்குக் கூடும். கயிறு கீழே போகப் போக வேகம் பிடித்து மெலியும். மெலிந்த கயிறு பரப்பு இழுவிசையால் துளித் துளியாக அறுந்து, சட்டையில் தெறிக்கும். 'ஒரு மீட்டர் காபி' ஆற்றும் மாஸ்டர்கள் தடித்த தாரையாகவே விடுவதன் ரகசியம் இதுதான்.

கையில் பிடிக்கும் சமாச்சாரம் சுருக்கமாக. பித்தளை, எவர்சில்வரைவிட ஏழெட்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். காபி தொடும் இடத்தில் இரண்டுமே சுடும், தகடு அவ்வளவு மெல்லிசு. ஆனால் காபி மட்டத்துக்கு மேலே, விளிம்பு வரை சூடு ஏறிவர எவர்சில்வரில் நேரமாகிறது; அதற்குள் காற்று அதைக் குளிர்த்திவிடுகிறது. எனவே முக்கால் டம்ளர் ஊற்றினால் விளிம்பைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடிக்கலாம். தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுப்பவர்களை நான் அன்பானவர்கள் என்று சொல்ல மாட்டேன். காகிதக் கோப்பையைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. கை சுடாது, உண்மை; ஆற்ற இன்னொரு பாத்திரம் எங்கே?

கடைசியாக ஒரு விளையாட்டு. நன்றாக ஆற்றி, நுரை ததும்பும் காபியை டம்ளரில் வாங்கி மேஜைமேல் வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் அடிப்பாகத்தின் பக்கவாட்டில் சீராகத் தட்டுங்கள். முதலில் 'தொம்' என்று அடக்கமான ஒலி வரும். தட்டிக்கொண்டே இருந்தால், யாரும் எதையும் மாற்றாமலே ஒலி மெல்ல மெல்ல மேலே ஏறும், ஏதோ பாடகர் ஆலாபனையில் ஸ்வரம் ஸ்வரமாக ஏறுவதுபோல. இதை 1982-இல் ஃபிராங்க் கிராஃபோர்ட் என்ற இயற்பியலாளர் 'ஹாட் சாக்லேட் விளைவு' என்று பெயர் வைத்து விளக்கினார். நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் ஓடும், காற்றில் 340. இரண்டும் கலந்த குமிழிநீரில் நடுவில் ஏதோ ஒரு வேகம் வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தாலே வேகம் 100 மீட்டர் வாக்குக்குச் சரிந்துவிடும், வெறும் காற்றில் போவதைவிடவும் குறைவு. காரணம், அந்தக் கலவைக்குக் கனம் நீருடையது, அமுங்கிக்கொடுக்கும் குணம் காற்றுடையது. வேகம் குறைந்தால் ஒலியின் சுருதியும் இறங்கும். குமிழிகள் மேலே ஏறி வெளியேறக் காபி மறுபடி காபியாகிறது, சுருதி ஏறுகிறது. உடனடிக் காபித்தூளைக் கரைத்தவுடன் தட்டினால் இன்னும் துலக்கமாகக் கேட்கும்.

நான் இதைத் தினமும் செய்கிறேன். டம்ளரின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருப்பதை அம்மா போன வாரம்தான் கவனித்தாள். வேலைக்காரப் பெண்ணைக் கேட்கப் போனவளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். இப்போது எனக்குப் பீங்கான் கோப்பையில்தான் காபி வருகிறது. நேற்று ஆற்றிப் பார்த்தேன். முழங்கை வரை வழிந்தது.